நம் காற்றுக்கு ஒரு புராஜெக்ட்
தென்சென்னைப் புறநகர்ப் பொறியியல், வேதியியல் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மாணவ மாணவியருக்கு,

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், தாம்பரம், வண்டலூர் என்று நம் வட்டாரக் கல்லூரிகளில் படித்துக்கொண்டு, இறுதியாண்டுப் புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடும் உங்கள் எல்லோருக்கும் அனகாபுத்தூரிலிருந்து எழுதுகிறேன். உங்களிடம் ஒரு வேலை கேட்டு வந்திருக்கிறேன். நாம் மூச்சு விடும் காற்றில் கலந்திருக்கும் நச்சு வாயுக்களைப் பிளாஸ்மாவைக் கொண்டு சிதைக்க முடியுமா, முடிந்தால் எவ்வளவு மின்சாரம் ஆகும், அதில் புதிதாக என்ன தீங்கு வரும் என்பதை இங்கேயே, நம் ஊர்க் காற்றை வைத்தே சோதித்துச் சொல்லுங்கள். இதுதான் என் வேண்டுகோள். ஏன் இதைக் கேட்கிறேன், ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அனகாபுத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நெசவு நினைவுக்கு வரும். வாழைநாரில் சேலை நெய்யும் ஊர் இது. இங்கே வாழ்பவர்களுக்கு நெசவோடு வாடையும் தெரியும். பம்மல், நாகல்கேணி, குரோம்பேட்டை வரை தோல் பதனிடும் ஆலைகள் தலைமுறை தலைமுறையாக இயங்கிவரும் வட்டாரம் நம்முடையது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் குரோம் முறையில் தோல் பதனிடுவதைச் சோதித்துக் காட்டினார். அதைத் தொடர்ந்து இந்தப் பக்கம் வந்த குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத்தான் குரோம்பேட்டை இன்றும் தாங்கி நிற்கிறது. இந்தத் தொழிலை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைக்கின்றன. அவர்களில் நம் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு. ஆலைகளை மூடு என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. தொழிலும் இருக்க வேண்டும், அதில் வேலை செய்பவரும் அதன் பக்கத்தில் வாழ்பவரும் நல்ல காற்றைச் சுவாசிக்கவும் வேண்டும்.

தோல் ஆலையிலிருந்து காற்றில் என்னென்ன கலக்கிறது என்று முதலில் பார்ப்போம். பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தக் கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை சல்பைடு நீரிலேயே தங்கியிருக்கும். பின்கட்டத்தில் வரும் அமிலக் கழிவுநீர் அதோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாகக் கிளம்பிவிடும். அழுகிய முட்டை நாற்றம் என்று நாம் சொல்வது இதைத்தான். சுண்ணாம்பை நீக்க அம்மோனியம் உப்புகளைப் போடும்போது அம்மோனியா வருகிறது. கடைசியில் தோலுக்கு மெருகேற்ற வண்ணமும் அரக்கும் தெளிக்கும் அறையில் டொலுயீன், சைலீன், பியூட்டைல் அசிடேட் போன்ற கரைப்பான்களின் ஆவி வருகிறது. தோல் ஆலைகளை மட்டும் சொல்வதும் நியாயமாகாது. சாக்கடை கலந்து அசையாமல் நிற்கும் அடையாற்று நீரிலிருந்தும், வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்தும் அதே ஹைட்ரஜன் சல்பைடு வருகிறது.

இந்த வாயுவிடம் ஒரு கொடிய குணம் உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைத்தான் பிபிஎம் என்கிறோம். ஏறத்தாழ 100 பிபிஎம் ஆனதும் மோப்ப நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாமல் போகும். 500 பிபிஎம்மைத் தாண்டினால் ஆள் மயங்கி விழுவார், 1,000 பிபிஎம்மில் சில மூச்சிலேயே உயிர் போகலாம். காற்றைவிடக் கனமானது என்பதால் குழியிலும் தொட்டியிலும் தேங்கி நிற்கும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஒருவர் விழ, காப்பாற்ற இறங்கியவரும் இறந்தார் என்று நாம் திரும்பத் திரும்பப் படிக்கும் செய்திகளுக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்த வாயுதான்.

நீர் மாசு பற்றி நம் மாநிலத்தில் நிறையப் பேசியாகிவிட்டது. வேலூர் மாவட்டக் குடிமக்கள் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. கூட்டுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பரவலாயின. ஆனால் அங்கே கணக்குப் பார்க்கப்பட்டது நீருக்குத்தான். காற்றின் கணக்கு இன்னும் சரியாகத் தொடங்கவில்லை. 2009இல் வெளியான தேசியக் காற்றுத் தர வரையறையில் 12 மாசுகள் இருக்கின்றன. அம்மோனியா இருக்கிறது, பென்சீன் இருக்கிறது. ஹைட்ரஜன் சல்பைடு அந்தப் பட்டியலில் இல்லை, டொலுயீனும் இல்லை. கைப்பேசியில் நாம் பார்க்கும் காற்றுத் தரக் குறியீடு பச்சை நிறம் காட்டும் நாளிலும் தெருவில் நாற்றம் வீசலாம். அந்தக் குறியீட்டுக்கு இந்த வாயு கணக்கிலேயே கிடையாது.

இனிப் பிளாஸ்மாவுக்கு வருகிறேன். வாயுவுக்குப் போதிய ஆற்றல் கிடைத்தால் அதன் மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து ஓடும். மின்னூட்டம் கொண்ட அந்தக் கலவைக்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவர் அமெரிக்க வேதியியலர் இர்விங் லாங்மியூர். மின்னல் பிளாஸ்மா. நம் வீட்டில் எரிந்த பழைய டியூப்லைட்டுக்குள் இருந்ததும் பிளாஸ்மாதான். அந்த டியூப்லைட்டைக் கையால் தொட முடிந்தது என்பதைக் கவனியுங்கள். உள்ளே எலக்ட்ரான்களின் வெப்பநிலை பத்தாயிரம் டிகிரியைத் தாண்டியிருக்கும், வாயுவோ சூடேறாமல் இருக்கும். இதைக் குளிர் பிளாஸ்மா என்கிறார்கள். காற்றைச் சுத்தப்படுத்த உதவுவது இந்த வகை.

கருவி எளியது. இரண்டு மின்முனைகள், இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளி, ஒரு மின்முனை மேல் கண்ணாடி அல்லது பீங்கான் உறை. பல ஆயிரம் வோல்ட் மாறுதிசை மின்னழுத்தம் கொடுத்தால் இடைவெளி முழுவதும் நுண்ணிய மின்னிழைகள் தோன்றி மறையும். ஒவ்வொன்றின் ஆயுளும் நானோ நொடிக் கணக்கில்தான். கண்ணாடி உறை இருப்பதால் அவை ஒன்றுசேர்ந்து பெரிய தீப்பொறியாக மாறுவதில்லை. 1857இல் வெர்னர் ஃபான் சீமென்ஸ் ஓசோன் தயாரிக்க இந்த அமைப்பைச் செய்தார். குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்கும் நிலையங்களில் இதே தத்துவம் இன்றும் இயங்குகிறது.

மாசுக்காற்று அந்த இடைவெளி வழியே போகும்போது, வேகமான எலக்ட்ரான்கள் ஆக்சிஜனையும் நீராவியையும் உடைக்கின்றன. ஆக்சிஜன் அணுக்களும் ஹைட்ராக்சில் துணுக்குகளும் பிறக்கின்றன. எதிர்ப்படும் கரிமப் பொருளை உடனே தாக்கும் வேகம் அவற்றுக்கு உண்டு. டொலுயீன் சிதைந்து, எல்லாம் சரியாக நடந்தால் கரியமில வாயுவாகவும் நீராகவும் முடியும். காற்று முழுவதையும் 700, 800 டிகிரிக்குச் சூடாக்கி எரிக்க வேண்டியதில்லை. எரிபொருள் வேண்டாம். சுவிட்சைப் போட்டதும் வேலை தொடங்கும், நிறுத்தினால் நின்றுவிடும். நாளில் சில மணி நேரம் மட்டும் தெளிப்பு வேலை நடக்கும் சிறிய ஆலைக்கு இது பொருந்தும் குணம்.

இது வெறும் கனவு இல்லை. மின்னிறக்கத்தால் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் கந்தக டை ஆக்சைடையும் நீக்கும் முறையை ஜப்பானில் செனிச்சி மசுடா 1980களிலேயே ஆராய்ந்தார். போலந்தின் பொமொர்ஸனி அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரான் கற்றையால் புகையைச் சுத்திகரித்தார்கள். தீவன ஆலைகளின் வாடையை அகற்றக் குளிர் பிளாஸ்மா கருவிகள் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. நம் நாட்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் பி. எஸ். ராஜனிகாந்தின் குழு டீசல் புகையை மின்னிறக்கப் பிளாஸ்மாவால் சுத்திகரிப்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறது. ஐஐடி ஹைதராபாத்தின் வேதியியல் துறையில் கரிம ஆவிகளைப் பிளாஸ்மாவாலும் வினையூக்கியாலும் சிதைக்கும் ஆய்வு நடந்திருக்கிறது. குஜராத் காந்திநகரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனம், மருத்துவக் கழிவைச் சூடான பிளாஸ்மாவில் சிதைக்கும் கருவியையே வடிவமைத்தது. நம் வட்டாரத் தோல் ஆலைக் காற்றில் குளிர் பிளாஸ்மா எப்படி வேலை செய்யும் என்ற கேள்விக்கு விடை காணும் வேலையை நீங்கள் தொடங்கலாம்.

தொடங்கும் முன் மூன்று சிக்கல்களை மனத்தில் வையுங்கள். இவற்றை மறைத்துவிட்டுக் கருவி விற்பவர்களும் இருக்கிறார்கள்.

முதல் சிக்கல், மின்சாரம். ஒரு லிட்டர் காற்றுக்கு எத்தனை ஜூல் ஆற்றல் செலவிடுகிறோம் என்பதுதான் இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கு. லேசான நாற்றத்துக்குச் சில பத்து ஜூல் போதலாம். டொலுயீன் போன்றவற்றுக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படும். ஒரு தெளிப்பு அறையிலிருந்து மணிக்கு 3,600 கன மீட்டர் காற்று வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 1,000 லிட்டர். லிட்டருக்கு 100 ஜூல் என்றால் 100 கிலோவாட். எட்டு மணி நேரம் ஓடினால் 800 யூனிட். எந்தச் சிறு முதலாளியும் இதைத் தாங்க மாட்டார். அதனால் காற்றின் அளவைக் குறைப்பதே முதல் வேலை. அறையை நன்றாக மூடி, ஆவி பிறக்கும் இடத்திலேயே உறிஞ்ச வேண்டும். ஆவியைக் கரித்தூளிலோ ஜியோலைட்டிலோ பிடித்துவைத்து, பிறகு பத்தில் ஒரு பங்கு காற்றில் வெளியே எடுத்துப் பிளாஸ்மாவுக்கு அனுப்பலாம். செறிவு கூடும்போது லிட்டருக்கு வேண்டிய ஆற்றலும் ஓரளவு கூடும் என்றாலும், மொத்தச் செலவு பல மடங்கு இறங்கும்.

இரண்டாவது, பக்க விளைபொருள்கள். காற்றில் மின்னிறக்கம் நடந்தால் ஓசோன் பிறக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் பிறக்கும். ஓசோன் நுரையீரலை அரிக்கும் வாயு. நம் தேசிய வரையறையில் எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடை உடைத்தால் கந்தக டை ஆக்சைடு வரும். டொலுயீன் அரைகுறையாகச் சிதைந்தால் பென்சால்டிஹைடும் கார்பன் மோனாக்சைடும் வரும், கண்ணாடிமேல் பழுப்புப் பிசின் படியும். ஆகவே பிளாஸ்மாவைத் தனியாக நிறுத்தக் கூடாது. அதன் பின்னால் மாங்கனீஸ் டை ஆக்சைடு போன்ற வினையூக்கிப் படுகை வேண்டும். ஓசோனை அது உடைக்கும், அப்போது வெளிப்படும் ஆக்சிஜன் மிச்சமிருக்கும் கரிம ஆவியையும் தாக்கும். கந்தக வாயுவுக்குக் காரநீர்க் கழுவி வேண்டும்.

மூன்றாவது, வரிசை. பிளாஸ்மா கடைசிப் படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை நிறைய. சல்பைடுக் கழிவுநீரையும் அமிலக் கழிவுநீரையும் கலக்காமல் தனித்தனிக் குழாயில் விட்டாலே ஹைட்ரஜன் சல்பைடு வெகுவாகக் குறையும். அடையாறில் 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், சல்பைடுக்குப் பதிலாக நொதியைக் கொண்டு முடி நீக்கும் முறைகளை உருவாக்கியிருக்கிறது. கரைப்பானுக்குப் பதிலாக நீரில் கரையும் மெருகுப் பூச்சுகள் இருக்கின்றன. திறந்த தொட்டிகளுக்கு மூடி போடலாம். இவற்றைச் செய்யாத இடத்தில் பிளாஸ்மா வைப்பது வீண் செலவு. இவற்றை எல்லாம் செய்த பிறகும் மிஞ்சி நிற்கும் கொஞ்ச வாயு இருக்கிறதே, அதை அழிக்கும் இடத்தில்தான் பிளாஸ்மாவுக்கு வேலை.

இதையெல்லாம் ஏன் உங்களிடம் கேட்கிறேன் என்றால், இந்த வேலைக்கு வேண்டிய எல்லாத் துறைகளும் நம் வட்டாரத்துக்குள்ளேயே இருக்கின்றன. குரோம்பேட்டையில் 1949இல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் (எம்ஐடி) கருவியியலும் மின்னணுவியலும் தலைமுறைகளாகக் கற்பிக்கப்படுகின்றன. அப்துல் கலாம் படித்த கல்லூரி அது. தாம்பரத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் வேதியியல் துறை இருக்கிறது. அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. உயர் மின்னழுத்தம் தெரிந்த ஒருவர், வேதியியல் தெரிந்த ஒருவர், அளவீடு தெரிந்த ஒருவர், நிரல் எழுதத் தெரிந்த ஒருவர் என்று நான்கு பேர் சேர்ந்தால் போதும். வேண்டுமானால் கல்லூரி எல்லையைத் தாண்டிக் குழு அமையுங்கள்.

எப்படித் தொடங்குவது என்று என் யோசனையைச் சொல்கிறேன். முதல் ஆறு மாதம் அளவிடுங்கள். பம்மல், நாகல்கேணி, அனகாபுத்தூர் தெருக்களில் ஹைட்ரஜன் சல்பைடு, அம்மோனியா, கரிம ஆவிகளை நேரவாரியாகப் பதிவு செய்யுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதையும் சேர்த்தே குறியுங்கள். மாலைக் கடற்காற்றின்போதும் காற்று அசையாத மார்கழி விடியலிலும் அளவு மாறும். விலை குறைந்த உணரிகள் ஈரப்பதத்துக்கு ஏமாறும். ஆகவே நல்ல கருவியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். எந்த ஆலையின் பெயரையும் போட்டுப் பழி சொல்ல இந்தப் பதிவு வேண்டாம். எந்த நேரத்தில், எவ்வளவு, எந்தப் பக்கமிருந்து என்ற உண்மை தெரிந்தால் போதும்.

பிறகு ஆய்வகத்தில் சிறிய பிளாஸ்மாக் குழாய் ஒன்றைச் செய்யுங்கள். நிமிடத்துக்குச் சில லிட்டர் காற்றுப் போதும். ஆய்வக உறிஞ்சு பெட்டிக்குள் வைத்து, 100 பிபிஎம்முக்கு மிகாத டொலுயீனில் தொடங்குங்கள். மின்னழுத்தத்தையும் மின்னூட்டத்தையும் அலைக்காட்டியில் வரைந்தால் பிளாஸ்மாவுக்குள் போகும் ஆற்றல் தெரியும். சுவர் சாக்கெட்டிலிருந்து இழுக்கும் ஆற்றலையும் கூடவே அளந்து எழுதுங்கள், ஏனென்றால் ஆலைக்காரர் பணம் கட்டப்போவது அதற்குத்தான். விளைவைக் கரிக்கணக்கு போட்டுச் சரிபாருங்கள். ஒரு டொலுயீன் மூலக்கூறில் ஏழு கரி அணுக்கள். 100 பிபிஎம் டொலுயீன் முழுவதும் எரிந்தால் கரியமில வாயு 700 பிபிஎம் கூட வேண்டும். டொலுயீன் காணாமல் போய், கரியமில வாயு 300 மட்டுமே கூடியிருந்தால், மிச்சக் கரி வேறு உருவத்தில் வெளியே போகிறது அல்லது உள்ளே படிகிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்காமல் வெற்றி என்று எழுதாதீர்கள். நாற்றம் போய்விட்டது என்ற ஒற்றை வரியைச் சான்றாக ஏற்காதீர்கள்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாகச் சொல்ல வேண்டும். எந்த ஆய்வுக்காகவும், ஒரு நிமிடத்துக்காகவும் கழிவுநீர்க் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறங்காதீர்கள். ஹைட்ரஜன் சல்பைடோடு செய்யும் சோதனையை அதற்கான வசதியும் அனுபவமும் உள்ள ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். பிளாஸ்மாவே ஒரு தீமூட்டி என்பதை மறக்காதீர்கள். டொலுயீன் ஆவி காற்றில் 1.1 விழுக்காட்டைத் தொட்டால் தீப்பிடிக்கும், அதன் பக்கத்தில்கூடப் போகக் கூடாது. உயர் மின்னழுத்தக் கருவியை அணைத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் இருக்கும். நிலமிணைப்பு கொடுத்து, மின்னூட்டம் இறங்கிவிட்டதை உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிளாஸ்மா, அயனி என்று பெயர் போட்டு வீட்டுக்குள் வைக்கும் காற்றுப் பெட்டிகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றில் சில ஓசோனை அறைக்குள்ளேயே விடும். கலிபோர்னியா மாநிலம் வீட்டுக் காற்றுக் கருவிகளின் ஓசோனுக்கு 0.05 பிபிஎம் என்று வரம்பே வைத்திருக்கிறது. மூடிய குழாய்க்குள் நடந்து, வினையூக்கியைக் கடந்து வெளிவரும் தொழிற்சாலைப் பிளாஸ்மா வேறு, குழந்தை தூங்கும் அறையில் திறந்தபடி ஓசோன் விடும் பெட்டி வேறு. இந்த வேறுபாட்டை நம் மக்களுக்கு எளிய தமிழில் எடுத்துச் சொல்வதும் உங்கள் படிப்பின் பயன்தான்.

உங்கள் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியே காசு கொடுத்து வாங்கி வரும் புராஜெக்டுகள் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். தோல்வியில் முடிந்தாலும் நேர்மையாக அளந்து எழுதிய ஓர் அறிக்கைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். லிட்டருக்கு இத்தனை ஜூல் ஆகிறது, நம் ஆலைகளுக்குக் கட்டுப்படியாகாது என்று ஒரு குழு நிரூபித்தால், அதுவும் இந்த ஊருக்குப் பெரிய லாபம். பொய்ப் பெட்டிக்குப் பொதுப்பணம் போவதை அது தடுக்கும்.

ஆலை உரிமையாளர்கள் இதைப் படித்தால், மாணவர்கள் வந்து கேட்கும்போது ஒரு புகைபோக்கி வாயில், ஒரு தொட்டியின் மூடி ஓரத்தில் அளக்க இடம் கொடுங்கள். அதனால் முதலில் நன்மை அடைவது உங்களிடம் வேலை செய்பவர்கள். 2021 நவம்பரில் அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் எல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனோம். மாநகராட்சி என்ற பெயருக்கு ஏற்றபடி, நாகல்கேணிப் பக்கம் ஹைட்ரஜன் சல்பைடையும் அளக்கும் ஒரு காற்றுக் கண்காணிப்பு நிலையம் வேண்டும் என்று மாமன்ற உறுப்பினர்கள் தீர்மானம் போட்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பலாம்.

மாணவர்களே, காற்று மாசு என்றதும் தில்லியின் புகைமூட்டத்தைப் பற்றியே கட்டுரை எழுதப் பழகிவிட்டோம். உங்கள் கல்லூரி மதிலிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், கண்ணுக்குத் தெரியாத மாசு இருக்கிறது. அதைச் சுவாசித்தபடி நம் மக்கள் தறியில் உட்கார்ந்திருக்கிறார்கள், தோல் பதனிடும் டிரம் பக்கத்தில் தோல் தூக்குகிறார்கள், பள்ளிக்கு நடக்கிறார்கள். வரும் பருவத்துக்குத் தலைப்பு எழுதிக் கொடுக்கும்போது இந்த வேலையை எழுதிக் கொடுங்கள். ஒரு குழு அளக்கட்டும், அடுத்த ஆண்டுக் குழு அதன் ஏட்டை வாங்கிக் கருவியைச் செய்யட்டும், அதற்கடுத்த குழு ஆலை வாசலில் ஓட்டிப் பார்க்கட்டும். கிடைக்கும் அளவுகளை, நல்லதோ கெட்டதோ, எல்லோரும் பார்க்கத் தமிழில் வெளியிடுங்கள்.

அன்புடன்,
அனகாபுத்தூர்வாசி ஒருவர்